ஒரு பீடத்தில் எத்தனை ரோமர்கள்?

மேசைமேல் சிற்றுருவப் படைகளை நிறுத்தி, அளவுகோலும் பகடையும் கொண்டு விதிகளின்படி ஆடும் போர் விளையாட்டில், வண்ணம் தீட்டுவதைப் பற்றி எழுதுபவர்கள் ஏராளம்; அந்த வீரர்கள் நிற்கும் பீடத்தைப் பற்றி எழுதுபவர்கள் சிலரே. என்னிடமிருக்கும் ரோமானியக் குடியரசுக் காலப் படையைப் பழைய பீடங்களிலிருந்து கழற்றிப் புதிய பீடங்களுக்கு மாற்றும் வேலை இந்தக் குளிர்காலத்தில்தான் ஒருவழியாக முடிந்தது. பார்ப்பவர்களுக்கு இது பசையும் பலகையும் சார்ந்த கைவேலையாகவே தோன்றும். ஆனால் ஒரு வீரனை எந்த அளவுப் பலகையில், எத்தனை பேருடன், எவ்வளவு இடைவெளி விட்டு நிறுத்துகிறோம் என்பதில், ரோமர்கள் எப்படிப் போரிட்டார்கள் என்று நாம் நம்புகிறோமோ அந்த நம்பிக்கை முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆகையால் தூரிகையைத் தொடுவதற்கு முன்பே பீடத்தை முடிவு செய்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

படை என் கைக்கு வந்தபோது அதற்கு ஏற்கெனவே ஒரு பீடமும் ஒரு நம்பிக்கையும் இருந்தன. தென்னாப்பிரிக்காவில் நான் வசிக்கும் டர்பனிலிருந்து வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்த ஒருவர், பெட்டியில் ஏற்ற மனமில்லாமல் மலிவாக விற்றுச் சென்ற 28 மி.மீ. உயர உருவங்கள் அவை, பாதி உலோகம், பாதி பிளாஸ்டிக். ஒவ்வொரு வீரனும் 20 மி.மீ. சதுரப் பீடத்தில் தனியாக நின்றான். 1998-இல் வெளிவந்த வார்ஹாமர் ஏன்ஷியன்ட் பேட்டில்ஸ் விதிகளின்படி ஆடியவர்கள் இப்படித்தான் செய்தார்கள். அந்த ஆட்டத்தில் வீரர்கள் ஒவ்வொருவராக விழுவார்கள், விழுந்தவனைத் தட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும், எனவே தனித்தனிப் பீடம் தேவைப்பட்டது. 1990-இல் வந்த டி.பி.ஏ. (டி பெல்லிஸ் ஆன்டிகுவிட்டாட்டிஸ்) விதிகள் இதற்கு நேர் எதிரான வழியில் செல்கின்றன. அங்கே ஒரு படை முழுவதுமே பன்னிரண்டு பீடங்கள்தாம், 28 மி.மீ. உருவங்களுக்குப் பீடத்தின் முகப்பு 60 மி.மீ., 15 மி.மீ. உருவங்களுக்கு 40 மி.மீ.; தனி மனிதன் என்று யாரும் இல்லை, பீடம் முழுவதும் நிற்கும் அல்லது முழுவதும் அகலும். இத்தாலியிலிருந்து வந்த இம்பெட்டஸ் விதிகள் இன்னும் ஒரு படி மேலே சென்று, 28 மி.மீ. உருவங்களுக்கு 120 மி.மீ. முகப்புள்ள பெரிய பீடத்தைக் கேட்கின்றன. எங்கள் சிறு குழு இந்தப் பெரிய பீடத்துக்கு மாறியதுதான் என் வேலைக்குத் தொடக்கம்.

நேட்டாலில் இருந்துகொண்டு ஏன் ரோமர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. 1879 ஜனவரி 22 அன்று ஜூலு வீரர்கள் பிரிட்டிஷ் படையை வென்ற இசாண்ட்ல்வானா எங்கள் மாகாணத்திலேயே இருக்கிறது; எருமைத் தலைபோல் நடுவில் மார்பும் இருபுறம் கொம்புகளுமாகச் சூழும் அந்த அணிவகுப்பை மேசையில் நிறுத்துபவர்கள் இங்கே பலர். எனக்கோ மூன்று வரிசையாகக் களம் புகும் ரோமானிய அணிவகுப்பு சிறுவயதிலிருந்தே ஒரு புதிர். முதலில் ஹஸ்தாத்தி எனும் இளையோர், அடுத்து பிரின்கிப்பெஸ் எனும் நடுவயதினர், கடைசியில் திரியாரி எனும் மூத்தோர், எல்லோருக்கும் முன்னால் வெலிட்டெஸ் எனும் இலகு வீரர்கள். பிறரெல்லாம் வலிமையை முன்னால் குவிக்கும்போது, வலிமையைப் பின்னால் சேமித்து வைத்துக்கொண்டு சண்டைக்குப் போகிற இவர்களின் மனநிலையை அறிவதற்காகவே இந்தப் படையை வைத்திருக்கிறேன்.

இனி கணக்குக்கு வருவோம். 28 மி.மீ. உருவங்களைப் பொதுவாக 56-இல் ஒரு பங்கு அளவு என்று கொள்வார்கள். ரோமானிய அடி நம் அடியைவிடச் சற்றுக் குறைவு, ஏறத்தாழ 29.6 செ.மீ. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ரோமானியப் படையை நேரில் கண்டு எழுதிய கிரேக்கரான போலிபியஸ், மாசிடோனிய ஈட்டிப் படையில் ஒருவனுக்கு மூன்று அடி இடம் என்றும், ரோமானியனுக்கும் அதே மூன்று அடிதான் என்றாலும், கேடயத்தைத் திருப்பவும் வாளால் வெட்டவும் குத்தவும் வேண்டியிருப்பதால் அண்டை வீரனிடமிருந்து மேலும் மூன்று அடி இடைவெளி அவனுக்குத் தேவை என்றும் சொல்கிறார். அதன் விளைவாக ஒரு ரோமானியன் எதிரே இரண்டு மாசிடோனியர்களையும், அவர்களுக்குப் பின்னால் நிற்பவர்களின் ஈட்டிகளையும் சேர்த்துப் பத்து ஈட்டி முனைகளையும் சந்திக்க நேர்கிறது என்பதும் அவர் கணக்கு. பல நூற்றாண்டுகள் கழித்து எழுதிய ரோமானிய ஆசிரியர் வெகீஷியஸோ ஒருவனுக்கு மூன்று அடியே போதும் என்கிறார். இவற்றை மேசை அளவுக்குச் சுருக்கினால் மூன்று அடி என்பது சுமார் 16 மி.மீ.; ஆறு அடி என்பது சுமார் 32 மி.மீ. அப்படியானால் 60 மி.மீ. பீடத்தில் வழக்கமாக ஒட்டப்படும் நான்கு ரோமர்கள், ஆளுக்கு 15 மி.மீ. வீதம், வெகீஷியஸ் சொன்னதையும்விட நெருக்கமாக நிற்கிறார்கள். போலிபியஸ் பார்த்தால் அவர்களை மாசிடோனியர்கள் என்றே நினைப்பார்.

120 மி.மீ. முகப்பில் முன்வரிசைக்கு ஐந்து பேர், அவர்களுக்கிடையே உள்ள வெளிகளில் தெரியும்படி பின்வரிசைக்கு நான்கு பேர் என்று முடிவு செய்தேன். ஆளுக்கு 24 மி.மீ. கிடைக்கிறது, இரு ஆசிரியர்களுக்கும் சரியாக நடுவில் இது நிற்பதால் இருவருமே கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். டர்பனின் பீனிக்ஸ் பகுதியில் வசிக்கும் நண்பர் ஒருவர், என்னைவிட வயதில் மூத்தவர், மாசிடோனியப் படை வைத்திருப்பவர், முதல் பீடத்தைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"என்ன தம்பி, உன் ஆட்களெல்லாம் பஞ்சத்தில் அடிபட்டு ஊரைவிட்டு ஓடி வந்தவர்கள்போல் அங்கொருவர் இங்கொருவராக நிற்கிறார்கள்? என் பீடத்தில் வரிசைக்கு எட்டுப் பேர் இருக்கிறார்கள்."

"அண்ணா, எட்டுப் பேர் இருக்க வேண்டியதுதான். போலிபியஸ் கணக்கின்படி உங்கள் எட்டுக்கு என்னுடையவர்கள் நான்கு பேர்தான் வர வேண்டும். நான் உங்களுக்காக ஒருவரைக் கூட்டித்தான் வைத்திருக்கிறேன்."

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் இரு பீடங்களையும் எதிரெதிரே வைத்து மேசை மட்டத்துக்குக் குனிந்து பார்த்தபோது, கி.மு. 197-இல் சைனோஸ்கெஃபாலியிலும் 168-இல் பிட்னாவிலும் ரோமானிய முன்வரிசைக்கு எதிரே எப்படிப்பட்ட சுவர் நின்றிருக்கும் என்பது இருவருக்குமே விளங்கியது. சமதரையில் அந்தச் சுவரை நேருக்கு நேர் உடைக்க முடியாது என்பதும், தரை சற்றே ஏறி இறங்கிச் சுவரில் விரிசல் விழுந்தால் தனித்து நின்று வாள் சுழற்றும் இடம் உள்ளவனுக்குத்தான் வெற்றி என்பதும் அந்த 24 மி.மீ. இடைவெளியிலேயே தெரிகின்றன. நெருக்கி ஒட்டிய பீடத்தில் இது ஒருபோதும் தெரியாது.

அளவில் முழு உண்மை சாத்தியமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹஸ்தாத்திகளின் மானிப்பிள் எனும் சிறுபிரிவு ஒன்றில் 120 பேர். ஆறு வரிசை ஆழத்தில் நின்றார்கள் என்று வைத்துக்கொண்டால் முகப்பில் 20 பேர். ஆளுக்கு ஆறு அடி என்றால் 35 மீட்டருக்கும் மேல். மேசையில் அது 63 செ.மீ. வழக்கமான 180 செ.மீ. மேசையில் இப்படி மூன்று மானிப்பிள்கள்கூட முழுமையாக நிற்க முடியாது, லீஜியன் எனும் பெரும்படைப் பிரிவில் இருப்பவையோ வரிசைக்குப் பத்து. எனவே மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலான வெளி ஓர் அளவிலும், படைக்கும் நிலத்துக்கும் இடையிலான உறவு வேறோர் அளவிலும் இருப்பதை நாம் ஏற்றுக்கொண்டே ஆடுகிறோம். பீடத்துக்குள் மட்டுமாவது ஒரே அளவைக் காப்போம் என்பதே என் நிலைப்பாடு.

மானிப்பிள்களுக்கு இடையிலான வெளி தனிச் சிக்கல். முதல் வரிசையில் விடப்பட்ட வெளிகளுக்கு நேர் பின்னால் இரண்டாம் வரிசையின் மானிப்பிள்கள் நின்றன என்று சொல்லப்படும் அமைப்பை நம் வீட்டு வாசலில் தினமும் பார்க்கிறோம். ஊடுபுள்ளிக் கோலத்துக்குப் புள்ளி வைப்பதும் இதுவும் ஒன்றுதான். சண்டை மூண்ட பிறகும் அந்த வெளிகள் திறந்தே கிடந்தனவா, அல்லது மோதலுக்கு முன் பின்பாதி வீரர்கள் முன்வந்து அடைத்தார்களா என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒற்றுமை இல்லை. சிறிய 60 மி.மீ. பீடங்களாக வெட்டினால் இந்த அமைப்பை மேசையில் அழகாகக் காட்டலாம் என்பது உண்மை. ஆனால் அந்த முகப்பில் என் கணக்குப்படி இரண்டரை ரோமர்கள் நிற்க வேண்டியிருக்கும். அரை ரோமனை எந்த நிறுவனமும் வார்ப்பதில்லை.

திரியாரிகளின் எண்ணிக்கை மற்றவர்களில் பாதி; 4200 பேர் கொண்ட லீஜியனில் ஹஸ்தாத்தி 1200, பிரின்கிப்பெஸ் 1200, வெலிட்டெஸ் 1200, திரியாரி 600. ஆகவே திரியாரிகளுக்கு அதே அகலப் பீடத்தில் ஒற்றை வரிசையாக ஐந்து பேரை மட்டும் வைத்திருக்கிறேன். இடதுகாலை முன்னே நீட்டி மண்டியிட்டு, கேடயத்தைத் தோளில் சாய்த்து, ஈட்டியை முனை மேல்நோக்கிச் சாயும்படி தரையில் ஊன்றி, முன்வரிசைகளின் தலைவிதியை எதிர்பார்த்து அவர்கள் காத்திருந்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதியிருக்கிறார். மண்டியிட்ட உருவங்கள் கிடைத்தால் விடாதீர்கள். நிற்கும் உருவங்களுக்கு நடுவே இரண்டு பேர் மண்டியிட்டிருந்தாலே அந்தப் பீடம் யாருடையது என்று தொலைவிலிருந்தே தெரிந்துவிடும். வெலிட்டெஸ் பீடங்களில் நான்கு பேரைத் திட்டமின்றிச் சிதறி ஒட்டினேன். அவர்களைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை.

பழைய பீடத்திலிருந்து உருவத்தைப் பிரிப்பது எந்தப் பசையால் ஒட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது. உலோக உருவம் சூப்பர் குளூவால் ஒட்டப்பட்டிருந்தால் உறைபெட்டியில் ஓரிரவு வைத்தால் போதும். குளிரில் அந்தப் பசை நொறுங்கும் தன்மை அடைவதால், மெல்லிய கத்தியை அடியில் செருகி மெதுவாகத் திருகினால் பெரும்பாலானவை சொல்லிவைத்தாற்போல் விடுபடும். (உறைந்த பட்டாணிப் பொட்டலத்துக்கும் சமோசா மாவுத்தாளுக்கும் நடுவே ஒரு லீஜியன் படுத்திருப்பதை வீட்டிலுள்ளவர்களுக்கு முன்கூட்டியே அறிவித்துவிடுவது குடும்ப அமைதிக்கு நல்லது.) இங்குள்ள ஹார்ட்வேர் கடைகளில் கோல்ட் குளூ (cold glue) என்ற பெயரில் விற்கும் வெள்ளை மரப்பசையால் ஒட்டப்பட்டவற்றை வெதுவெதுப்பான நீரில் பீடம் மட்டும் நனையுமாறு ஊறவைக்கலாம். பிளாஸ்டிக் உருவத்தைப் பிளாஸ்டிக் பீடத்தில் பிளாஸ்டிக் சிமென்டால் ஒட்டியிருந்தால் நிலைமை வேறு. அந்தப் பசை இரு பரப்புகளையும் உருக்கி ஒன்றாக்கிவிடுவதால் பிரிப்பதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை, மெல்லிய இரம்பத்தால் பாதத்துக்குக் கீழே அறுப்பதே வழி. அசிட்டோன் சூப்பர் குளூவைக் கரைக்கும் என்று யாராவது யோசனை சொன்னால், அது வண்ணத்தையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்தே கரைக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கணுக்காலைப் பிடித்துத் திருகக் கூடாது. கேடயத்தைப் பிடிக்கவே கூடாது. உடம்பின் நடுப்பகுதியைப் பிடிக்க வேண்டும்.

புதிய பீடங்களுக்கு 3 மி.மீ. எம்.டி.எஃப். எனும் மரநார் அழுத்திய பலகையை லேசர் வெட்டும் கடையில் 120-க்கு 60 மி.மீ. அளவில் வெட்டி வாங்கினேன். இதைவிட மெல்லிய பலகை பார்ப்பதற்கு அழகாக இருந்தாலும், மேற்பரப்பில் ஈரப்பசையும் மணலும் பூசி உலரவிடும்போது ஒருபுறமாக வளையும். டர்பன் காற்றின் ஈரப்பதம் இதை இன்னும் மோசமாக்குகிறது. பலகையின் இருபுறமும் விளிம்புகளிலும் முதலில் வார்னிஷ் ஒரு பூச்சுப் பூசி ஈரம் புகாமல் அடைத்துவிட்டு, பிறகு வேலையைத் தொடங்குவது நல்லது. பிளாஸ்டிக் வீரர்களின் பாதத்தோடு வார்க்கப்பட்ட சிறு தட்டின் விளிம்பு மணலுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்பதுதான் பெரிய பீடங்களின் அழகைக் கெடுக்கும் முதல் எதிரி. சுவருக்கு வண்ணம் அடிப்பவர்கள் பட்டி பார்ப்பதைப் போலவே இதற்கும் பட்டி பார்க்க வேண்டும். பரந்த இடங்களுக்குச் சுவர்ப்பட்டியே போதும். உருவத்தை அசையாமல் பிடிக்க வேண்டிய இடங்களில் க்ரூகர்ஸ்டார்ப் ஊரின் புகழ்பெற்ற தயாரிப்பான பிராட்லி பட்டியை, அதன் இரு பகுதிகளையும் சம அளவில் பிசைந்து பயன்படுத்தினேன். கெட்டியானால் கல்தான்.

மணலுக்குக் கடற்கரையை நாட வேண்டாம். அதிலுள்ள உப்பு பின்னாளில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். டர்பனின் பெரியா மேட்டுப்பகுதி முழுவதும் படிந்திருக்கும் செந்நிற மணலைச் சலித்து, பலமுறை கழுவிக் களியை நீக்கி, உலர்த்தி எடுத்துக்கொண்டேன். இரும்பு ஆக்ஸைடு ஏறிய அந்தச் சிவப்பு, மத்தியதரைக் கடலோரச் சுண்ணாம்புப் பாறைகளின்மேல் காணப்படும் டெர்ரா ரோஸா எனும் செம்மண்ணுக்கு வியக்கத்தக்க அளவில் பொருந்துகிறது. அதன்மேல் பள்ளங்களில் இறங்கும் நீர்த்த பழுப்பு வண்ணமான வாஷ் ஒன்றும், மேடுகளை மட்டும் தொடும்படி மணல் நிறத்தில் உலர்தூரிகை ஒன்றும் ஓட்டினால் போதும், தனி வண்ணம் தேவையில்லை.

புல்லின் நிறத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. இந்தப் பொழுதுபோக்கின் வேர்கள் பெரிதும் இங்கிலாந்தில் இருப்பதாலோ என்னவோ, கடைகளில் கிடைக்கும் செயற்கைப் புல் பெரும்பாலும் மழை பெய்து ஓய்ந்த ஆங்கிலத் தோட்டத்தின் பச்சை. ஹன்னிபாலிடம் ரோமர்கள் தோற்ற கன்னே போர் நடந்தது கி.மு. 216 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில். காற்று புழுதியை அள்ளி ரோமர்களின் கண்ணில் வீசியதாக லிவி சொல்கிறார். பிட்னா போர் நடந்தது கி.மு. 168 ஜூன் 21 இரவில் தெரிந்த சந்திர கிரகணத்துக்கு மறுநாள். இரண்டுமே கோடைக்காலப் போர்கள், புல் காய்ந்து கிடந்த மண்ணில் நடந்தவை. குளிர்காலத்தில் டிராக்கன்ஸ்பர்க் மலையடிவாரங்களுக்குப் போய், வறண்ட புல்வெளி கண்ணுக்கெட்டிய தூரம் வைக்கோல் நிறத்தில் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு எந்த நிறத்தை வாங்க வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. வைக்கோல் நிறப் புல்லை ஆங்காங்கே, பீடத்தின் பாதிக்கு மேல் மறையாதபடி, ஒட்டுங்கள். அடர்பச்சைக் குத்து ஒன்றிரண்டு முட்புதராக இருந்துவிட்டுப் போகட்டும்.

வண்ணத்தைப் பொறுத்தவரை, ரோமர்கள் என்றாலே சிவப்பு என்ற பழக்கத்துக்குச் சான்று நாம் நினைக்குமளவு வலுவானதன்று. போலிபியஸ் காலத்தில் வீரனின் உணவு, உடை, ஆயுதங்களுக்கான செலவை அவன் ஊதியத்திலிருந்தே பிடித்துக்கொண்டார்கள்; ஒரே சாயத்தொட்டியில் எல்லோருடைய ஆடையும் முக்கி எடுக்கப்பட்டது என்று நம்புவதற்கு அது இடம் தரவில்லை. கி.பி. 69-இல் பேரரசர் விட்டேலியஸ் ரோமுக்குள் நுழைந்தபோது கழுகுச் சின்னங்களுக்கு முன்னால் முகாம் அதிகாரிகளும் செஞ்சூரியன்கள் எனும் நூற்றுவர் தலைவர்களில் மூத்தவர்களும் வெள்ளை உடையில் நடந்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் குறிப்பிடுகிறார். வெள்ளை ஒரு சிறப்பு நாளுக்கு உரியதாக இருந்தது என்று அதிலிருந்து ஊகிக்கலாமே தவிர, மற்ற நாட்களின் நிறம் அதில் கிடைக்காது. சிவப்பு கிடைப்பதற்கு அரிய சாயமும் அன்று. அவர்கள் சாயத்துக்குப் பயன்படுத்திய மேடர் வேர், நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் மஞ்சிட்டியின் நெருங்கிய உறவு. அது தரும் சிவப்பு, பிளாஸ்டிக் வாளியின் சிவப்பன்று, செங்கல்லும் ரோஜாவும் கலந்த மங்கல் சிவப்பு.

ஆகவே சாயமேற்றாத கம்பளியின் வெண்பழுப்பை அடிப்படையாகக் கொண்டு, பீடத்துக்கு இரண்டு மூன்று பேருக்கு மட்டும் மங்கிய சிவப்பைக் கொடுத்தேன். இது உழைப்பையும் மிச்சப்படுத்துகிறது. எலும்பு நிறப் பிரைமரை (அடிப்பூச்சை) நேரடியாகத் தெளித்து, பழுப்பு வாஷை மடிப்புகளில் ஓடவிட்டு, மேடான இடங்களை இளமஞ்சள் கலந்த வெள்ளையால் தொட்டால் ஆடை முடிந்துவிடும். கருப்புப் பிரைமரின்மேல் சிவப்பை எடுப்பதற்கு அதைப்போல் இருமடங்குப் பூச்சுகள் வேண்டும். வளையக் கவசத்துக்குக் கருமை கலந்த இரும்பு நிறமும் கருப்பு வாஷும் போதுமானவை. சொத்துள்ளவர்கள் மட்டுமே வளையக் கவசம் அணிந்தார்கள், மற்றவர்கள் மார்பில் ஒரு சாண் அளவு வெண்கலத் தகட்டைக் கட்டினார்கள் என்பதால் ஹஸ்தாத்திகளில் பெரும்பாலோருக்குத் தகடுதான். வெண்கலத் தலைக்கவசத்தை அருங்காட்சியகக் களிம்பு நிறத்தில் தீட்டுபவர்களை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. உடையவன் தினமும் துடைத்துக்கொண்டிருந்த காலத்தில் அது பொன்போல் மின்னியிருக்கும். அதன்மேல் ஊதா அல்லது கருப்பு நிறத்தில் மூன்று இறகுகள், ஒரு முழ உயரத்துக்கு நின்றன. ஆளை உயரமாகக் காட்டுவதற்காக என்று போலிபியஸே காரணமும் சொல்கிறார்.

இங்கே பீடம் மறுபடியும் குறுக்கிடுகிறது. ஆட்டத்தில் நம் படையின் முதுகைத்தான் நாம் பார்க்கிறோம். முகமும் கேடயமும் எதிராளியின் கண்ணுக்கு விருந்து. ஐந்துக்கு நான்கு என்று இடம்விட்டு நிறுத்திய பீடத்தில் பின்வரிசையின் தோள், கவசத்தின் பின்புறம், கேடயத்தின் உட்பக்கம், கால்களுக்கிடையே தெரியும் மண் எல்லாமே வெளிச்சத்துக்கு வருகின்றன. நெருக்கி ஒட்டிய பழைய முறையில் இவற்றை அரைகுறையாக விட்டுவிடலாம். இப்போது நான் கண்களைத் தீட்டுவதே இல்லை. அந்த நேரத்தைக் கேடயத்தின் உட்பக்க மரப்பலகைக் கோடுகளுக்குத் தருகிறேன்.

கேடயத்தின் வெளிப்பக்கம் பற்றிப் போலிபியஸ் அளவைத்தான் சொல்கிறார், ஓவியத்தைச் சொல்லவில்லை: இரண்டரை அடி அகலம், நான்கு அடி உயரம், மேலே துணியும் கன்றுத் தோலும். எகிப்தின் ஃபயூம் பகுதியில் கஸ்ர் எல்-ஹாரித் என்ற இடத்தில் 1900-இல் கிடைத்த கேடயம் 128 செ.மீ. உயரமும் 63.5 செ.மீ. அகலமும் உடையது, நம் அளவில் 23-க்கு 11 மி.மீ. பேரரசுக் காலத்தில் கேடய ஓவியம் படைப்பிரிவை அடையாளம் காட்டியது என்பதற்கு நல்ல சான்று உண்டு. கி.பி. 69-இல் கிரெமோனா அருகே இரவில் நடந்த போரில், இரு வீரர்கள் இறந்த எதிரிகளின் கேடயங்களை எடுத்துக்கொண்டு யாருக்கும் சந்தேகம் வராமல் எதிரிப் படைக்குள் புகுந்து, பெரிய எறிபொறி ஒன்றின் கயிறுகளை வெட்டினார்கள். குடியரசுக் காலத்துக்கு நமக்குள்ள சுதந்திரம் இதைவிட அதிகம். மின்னலும் சிறகும் பேரரசுக் காலத்தவை என்பதால் தவிர்த்துவிட்டு, பீடத்துக்கு ஒரு நிறம் என்று எளிய தட்டை நிறங்களைக் கொடுத்தேன். ஆட்டத்தின் நடுவே எது எந்தப் பிரிவு என்று தேடும் வேலையும் மிச்சம்.

தமிழர்களாகிய நமக்கு இந்த உடைகளைப் பற்றி நம் இலக்கியத்தில் ஏதேனும் கிடைக்குமா என்று தேடியதுண்டு. முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையைக் காக்கும் யவனர்கள் வருகிறார்கள். இடையில் சவுக்கைச் சுற்றி, உடம்பை மூடிய சட்டையணிந்து, அஞ்சத்தக்க தோற்றமும் வலிய உடலும் கொண்டவர்களாக. சட்டையின் நிறத்தைப் புலவர் சொல்லாமல் விட்டுவிட்டார். அவர்கள் கூலிக்கு வந்த மெய்க்காவலர்கள், லீஜியன் வீரர்கள் அல்லர், கிரேக்கர்களாகவும் இருந்திருக்கலாம். ஆகவே என் ஹஸ்தாத்திகளுக்கு அதில் உதவியில்லை. ஆனால் சட்டையும் சவுக்கும் தரித்த நான்கைந்து உருவங்களைத் தேடிப்பிடித்து ஒரு பாண்டியர் பாசறையை அமைக்கும் எண்ணம் அன்றிலிருந்து மனத்தில் இருக்கிறது.

கடைசியாக வார்னிஷ். டர்பனின் கோடைக்காலக் காற்றில் மங்கல் வார்னிஷைத் தெளித்தால் ஈரம் உள்ளே சிக்கி, மாதக்கணக்கில் தீட்டிய படைமேல் வெண்பனி படிந்ததுபோல் ஆகிவிடும். அப்படி ஆனால் மேலே ஒரு பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் பூசிப் பார்க்கலாம், பெரும்பாலும் தெளிந்துவிடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான வறண்ட மாதங்களில் இந்த வேலையை வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அந்த மாதங்களிலும் ஒரு தொல்லை உண்டு: உள்நாட்டு மேட்டு நிலத்திலிருந்து வெப்பமாகவும் உலர்ந்தும் இறங்கி வரும் பெர்க் காற்று வீசும் நாளில், வார்னிஷ் புட்டியிலிருந்து புறப்பட்டு உருவத்தை அடைவதற்குள் வழியிலேயே உலர்ந்து தூளாகப் படியும். அன்றைக்குத் தெளிப்பானைத் தொடாமல், தூரிகையால் பூசும் நீர்வழி வார்னிஷைப் பயன்படுத்த வேண்டும். உண்மையில் ஆண்டு முழுவதும் அதுவே போதும் என்ற முடிவுக்கு நான் வந்துகொண்டிருக்கிறேன்.

பெட்டியில் அடுக்குவதற்குப் பீடத்தின் அடியில் இரும்புத் தகடு ஒட்டுவதா, காந்தத் தாள் ஒட்டுவதா என்ற கேள்வி எல்லா ஊர்களிலும் எழுவதுதான். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம்: உப்புக் காற்றில் வெட்டு விளிம்பிலிருந்து துரு பிடித்து, அந்தக் கறை எம்.டி.எஃப். வழியாக மேலே ஏறும். ரப்பர் காந்தத் தாளைப் பீடத்திலும், வண்ணம் பூசிய இரும்புத் தகட்டைப் பெட்டியின் தரையிலும் வையுங்கள். துரு பிடித்தால் தகட்டை மட்டும் மாற்றினால் போதும். பீடத்தின் பின்விளிம்பில் பிரிவின் பெயரையும் வரிசை எண்ணையும் எழுதி ஒட்டிய சிறு காகிதப் பட்டையின்மேலும் ஒரு பூச்சு வார்னிஷ் கொடுத்துவிடுங்கள், விரல் வியர்வையில் அழியாமல் இருக்கும்.